எண்பது கிலோ அம்மன்

எடை மேடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான்: எடை கூடக் காட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள், குறைவாகக் காட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ரோட்டில் இருக்கிற எங்கள் மேடைக்கு மூன்றாவதாக ஒரு கூட்டமும் வருகிறது. அது எடை போட வருவதில்லை, சாமி கும்பிட வருகிறது. ரேஷன் கடையிலோ டோல்கேட்டிலோ டிக்கெட் கவுன்ட்டரிலோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேச்சு வாங்குகிற என் இனத்து மக்களே, உங்கள் ஜன்னலுக்கு வெளியே கோயில் எதுவும் இல்லாததற்கு முதலில் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். என் ஜன்னலுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. அதைவிட மோசம், அது வந்ததற்குக் காரணமே நான்தான்.

மிச்சமிருந்த சந்தனம்

லாரி மேடையில் ஏறி நின்றால் என் கம்ப்யூட்டரில் எடை வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். வேலை அவ்வளவுதான். காலையில் முதல் வண்டி ஏறுவதற்கு முன் மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருங்கல் வைத்திருந்தோம். மேடைக்குப் பள்ளம் தோண்டியபோது கிடைத்த கல். எங்கள் முதலாளி அதை நல்ல தராசில் நிறுத்து, முதுகில் வெள்ளை பெயின்ட்டால் 80 என்று எழுதி வைத்தார். அவரை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் இரண்டு பேர் கல்லைத் தூக்கி மேடையின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்ப்பார்கள். நான்கு தடவையும் 80 காட்டினால் அன்றைய வியாபாரம் ஆரம்பம்.

ஒரு ஆயுத பூஜைக்கு மேடை, கம்ப்யூட்டர், பிரிண்டர், துடைப்பம் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது, கொட்ட மனசு வரவில்லை. கல்லும் நம்மோடு சேர்ந்துதானே உழைக்கிறது என்று அதன் மேல் தாராளமாகப் பூசி, நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். மத்தியான லோக்கல் ரயிலைப் பிடித்துக் கவரைப்பேட்டையில் இருக்கிற வீட்டுக்குப் போய்விட்டேன்.

லீவு முடிந்து வந்தால் கல்லுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம், எரிந்து முடிந்த கற்பூரம், யாரோ சுற்றிவிட்ட கனகாம்பரச் சரம். நம் ஆட்கள் இரண்டு பேர் வழக்கம்போலக் குனிந்து கல்லில் கை வைத்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற டிரெய்லரிலிருந்து டிரைவர் குதித்து ஓடி வந்தார். "டேய், கைய எட்றா! அம்மாவ எங்கடா தூக்கினு போறீங்க?"

ஆம்பிளையா பொம்பிளையா

அந்த டிரைவர் அம்மா என்று சொல்லிவிட்டாரே தவிர, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பொட்டு சிவப்பாக இருந்ததால் உருக்காலையில் வேலை செய்கிற பீகார் ஆட்கள் பஜ்ரங்பலி என்றார்கள். நாயுடுப்பேட்டைப் பக்கத்து டிரைவர்கள், இல்லை, ஆஞ்சநேயலு என்றார்கள். இரண்டும் ஒரே சாமிதான் என்று யாருக்கும் தோன்றாமல் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. பக்கத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற ஏழுமலை, இது முனீஸ்வரன்தான் என்று அடித்துச் சொன்னார். பின்னாளில் இவர்தான் கோயில் கமிட்டித் தலைவர் ஆனார்.

தீர்ப்புச் சொன்னது எல்லம்மா. பழவேற்காட்டிலிருந்து இறால் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து கம்பெனி வாசல்களில் விற்கிறவள். மேடைக்கு எதிரில் கூடையை இறக்கி வைத்து, எல்லாரும் கத்துவதை வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு எழுந்து வந்து, கல்லைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆம்பள சாமியா இருந்தா, தெனம் இத்தினி பேரு சண்ட போடறத பாத்துக்கினு இப்டி கம்முனு குந்தினு இருக்குமா? பொம்பளதான் இது."

காலை ஷிப்டுக்கு முன்னால்

தகரக் கொட்டகை போட்டு, டைல்ஸ் ஒட்டி, வெள்ளிக் கண் வைத்து, புடவையும் கட்டிவிட்டார்கள். பூஜைக்கு ஆள் வேண்டுமே. ஏழுமலை எங்கோ பிடித்து வரதனைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருவள்ளூரில் பரம்பரையாகப் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பையன். இங்கே ஒரு போல்ட் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. காலை ஷிப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் பூஜை செய்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. "பெருமாளுக்குப் பண்ற கையால அம்மனுக்கா?" என்று அவருடைய அப்பா கோபித்துக்கொண்டாராம். "அம்மன் பெருமாளுக்குத் தங்கைதானே, தங்கை வீட்டுக்குப் போறதுல என்ன தப்பு?" என்று இவர் சமாளித்திருக்கிறார்.

ஆனால் அரை மணி ஒரு நாளும் அரை மணியாக முடிந்ததில்லை. புது வண்டிக்குப் பூஜை, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னருக்கு எலுமிச்சம்பழம், கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வருகிற பெண்களுக்குக் குங்குமம். ஒரு நாள் அவருக்கு ஷிப்டு தவறிப்போயிற்று. ஆள் வந்தால் சீக்கிரமாக அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "கம்பெனியில கோணலா இருக்கற போல்ட்டெல்லாம் தூக்கிப் போட்டுடலாம் அக்கா. இங்க வர்றது எல்லாமே கோணலா இருக்கு, ஒண்ணைக்கூட ரிஜெக்ட் பண்ண முடியல."

யாருக்குச் சரி

கோயில் வந்தால் வழக்கங்களும் வந்துவிடும். எங்கள் அம்மன் எடையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவள் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பியது. டிரைவர்கள் கொட்டகையைச் சுற்றி வந்துவிட்டுத்தான் மேடையில் ஏறுவார்கள். ஒரு நாள் சென்னையிலிருந்து காகிதக் கழிவு ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. எடை, சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு மேல் இருநூறு கிலோ. வழியில் மடக்கினால் டிரைவர் தலையில்தான் விழும். அவர் கொட்டகைக்கு முன்னால் நின்று கண்ணை மூடி வேண்டினார். அதோடு விடாமல் தன் பங்குக்கும் ஏதாவது செய்வோம் என்று, மேலே மூடியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து ஒரு ஓரமாகப் போட்டார். தார்ப்பாயே ஐம்பது கிலோ இருக்குமாம்.

கொட்டகையை மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சோழவரம் ஏரிப் பக்கமிருந்து வருகிற மழை கேட்டுக்கொண்டு வராது. பத்து நிமிஷம் அடித்து ஓய்ந்தது. அந்தக் காகிதம் ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தது. திரும்ப மேடையில் ஏற்றினால் முன்னைவிட நானூறு கிலோ அதிகம். சரக்கை எடைக்கு விற்கிற வியாபாரி கூடவே வந்திருந்தார், அவருக்கு வாயெல்லாம் பல். டிரைவர் என்னிடம் சண்டைக்கு வருவார் என்று ஜன்னலைப் பாதி மூடினேன். அவர் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "அம்மா மேல தப்பு இல்லக்கா. 'சரி பண்ணு தாயே'ன்னுதான் கேட்டேன். யாருக்குச் சரி பண்ணணும்னு சொல்லல."

சீல் குத்தின சீட்டு

எடை மேடைச் சாமி என்றால் துலாபாரம் இல்லாமலா? குழந்தை பிறந்தால் அதன் எடைக்கு வெல்லம் தருவதாக ஒரு பெண் வேண்டிக்கொண்டிருந்தாள். பாத்திர பாலிஷ் கம்பெனியில் வேலை செய்கிறவள். புருஷனும் மாமியாரும் வெல்ல மூட்டையோடு வர, மூன்று மாதக் குழந்தையைத் துண்டு விரித்து லாரி மேடையில் படுக்க வைத்தாள். கம்ப்யூட்டரில் 0 காட்டியது. எங்கள் மெஷின் பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். அறுபது டன் தாங்குகிற மேடைக்கு ஒரு பச்சைக் குழந்தை எம்மாத்திரம்? அந்தப் பெண்ணின் முகம் கறுத்துவிட்டது. "நான்தான் சொல்றேனே, புள்ள எளைச்சிப் போச்சி, பால் பத்தலன்னு. இப்ப சாமியே சொல்லிடிச்சி" என்றாள் மாமியார்.

எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தையின் அம்மாவைத் தனியாக நிற்கச் சொன்னேன். 50. குழந்தையைக் கையில் கொடுத்து நிற்கச் சொன்னேன். 60. இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கேயோ நின்றிருந்த உடம்பு, குழந்தை சேர்ந்ததும் அடுத்த படிக்குத் தாவிவிட்டது. கணக்குப்படி குழந்தை பத்து கிலோ. புருஷன் வெல்ல மூட்டையைத் திகிலோடு பார்த்தான். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஜன்னலுக்கு ஓடி வந்துவிட்டாள். "அக்கா, பத்து கிலோன்னு சீட்டு அடிச்சி சீல் குத்திக் குடுங்கக்கா. எங்க மாமியாரு இனிமே வாய தொறக்கக் கூடாது!"

மாயமாய் மறைந்தவள்

ஆடி மாதம் பெரியபாளையத்துக்குப் போய் வருகிற கூட்டம் வழியில் எங்களிடத்திலும் இறங்க ஆரம்பித்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து கோயில் கதையைச் சொல்லுவார். ஒரு நாள் என் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு ஆயுத பூஜை அன்னிக்கு, மஞ்ச பொடவ கட்டிக்கினு ஒரு சுமங்கலி வந்தாங்க. யாருக்கும் தெரியாத இந்தக் கல்லுக்குப் பொட்டு வெச்சாங்க. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். மாயமா மறைஞ்சிட்டாங்க!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எனக்கு உள்ளே கொதித்தது. நான் எங்கே மறைந்தேன்? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். கதவைத் திறந்து வெளியே போய், "அண்ணே, அந்தப் பொட்டு வெச்சது நான்தான். மஞ்ச புடவ இன்னும் வீட்டுல இருக்கு" என்றேன். ஆட்டோக்காரர் என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். கூட்டமும் பார்த்தது. பிறகு அவர் ரொம்ப மரியாதையாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவங்க நல்லா லட்சணமா இருந்தாங்களாம்."

எண்பது சித்தர்கள்

இது இப்படியே போனால் கதை ஆளுக்கு ஒன்றாகிவிடும் என்று கமிட்டி தல வரலாறு எழுதிப் பலகை வைக்கத் தீர்மானித்தது. அம்மனுக்குத் துலாம்பிகை என்று பெயரும் வைத்தாயிற்று. எழுதியது ஏழுமலை. கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தாளை நீட்டினார். அம்மன் சுயம்பு. முதுகில் 80 என்ற எண் தானாகவே தோன்றியிருக்கிறது. காரணம், எண்பது சித்தர்கள் இங்கே தவம் இருந்தார்கள்.

"அந்த 80 பெயின்ட்டுல எழுதினது. எழுதின நைனா அதோ டீ குடிச்சுக்கினு இருக்காரு, கேளுங்க" என்றேன். நைனாவைப் பார்த்தோம். அவர் எந்தப் பக்கமும் தலையாட்டவில்லை. கோயில் வந்த பிறகு, வாசலில் அவர் குத்தகைக்கு விட்ட டீக்கடை நன்றாகப் போகிறது. சரி, அதை விடுங்கள், சித்தர்கள் பதினெட்டுப் பேர்தானே என்றேன். ஏழுமலை கொஞ்சமும் அசரவில்லை. "பதினெட்டு பேரு மத்த ஊருக்கு. இது இண்டஸ்ட்ரியல் ஏரியா, ஆளு அதிகமா தேவைப்படும்."

சாட்சி

இப்போது சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை. கல் சாமியான பிறகு மெஷினைச் சோதிக்க ஒன்றுமில்லை. இரும்பு எடைக்கல் வாங்கச் சொல்லி நைனாவிடம் பல தடவை கேட்டேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். நானும் மெஷினை நம்பிச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆடி வெள்ளி. வெங்கடேசு என்று ஒரு டிரைவர், நாயுடுப்பேட்டைக்காரர், சாந்தமான மனிதர், இரும்புக் கழிவு லோடு கொண்டுவந்தார். ஏற்றிய இடத்துச் சீட்டைவிட எங்கள் மேடையில் முந்நூறு கிலோ குறைந்தது. சரக்கு வாங்குகிற ஆலையின் சூப்பர்வைசர் கூடவே இருந்தார். வழியில் இரும்பை விற்றுவிட்டான், வண்டியைப் பிடித்து வை, போலீசைக் கூப்பிடு என்று போனை எடுத்தார். "நேனு தொங்க காதக்கா" என்றார் வெங்கடேசு. தெலுங்கில் தொங்க என்றால் திருடன். நான் திருடன் இல்லை என்கிறார். எனக்கும் பயம்தான். அந்தச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து.

மெஷின் மேல் தப்பாக இருக்கலாம் சார் என்றேன். ஆட்களை நான்கு மூலையிலும் நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். "ஆள் எடையெல்லாம் செல்லாது. நாஷ்டா துன்னா ஒண்ணு, துன்னலன்னா ஒண்ணு. நீங்க கல்லு வெச்சிருந்தீங்களே, எண்பது கிலோ, அத வெச்சிக் காட்டு, ஒத்துக்கறேன்" என்றார் அவர். பழைய ஆள், கல்லைத் தெரிந்தவர். எல்லாருடைய கண்ணும் கொட்டகைக்குப் போயிற்று. ஆடி வெள்ளிக் கூட்டம் வேறு. அம்மனைத் தூக்கி லாரி ஏறுகிற இடத்தில் வைப்பதா என்று ஏழுமலை குறுக்கே நின்றார். அவரிடம் சண்டை போட எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அந்தாளு ஜெயிலுக்குப் போனா நாளைக்கு எந்த மூஞ்சோட கற்பூரம் காட்டுவீங்க?" என்று கத்திவிட்டேன். அப்போது வரதன் நடுவில் வந்தார். அன்று கூட்டத்துக்காக லீவு போட்டிருந்தார். "தூக்கிண்டு போறதுன்னு ஏன் சொல்றேள்? புறப்பாடுன்னு சொல்லுங்கோ. அம்மன் மேடைக்கு எழுந்தருளப் போறா" என்றார். புறப்பாடு என்றதும் ஏழுமலை முகம் மாறியது. மேளம் எங்கே என்று கேட்டார்.

புடவையும் நகையும் வெள்ளிக் கண்ணும் களைந்து, தண்ணீர் ஊற்றிச் சந்தனத்தைக் கழுவினோம். முதுகில் 80 பளிச்சென்று தெரிந்தது. ஒரு ஈரத் துண்டைச் சுற்றி நான்கு பேர் தூக்கினார்கள். முதல் மூலையில் 80. இரண்டாவதில் 80. மூன்றாவதிலும் 80. வெங்கடேசு கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான்காவது மூலை, கொட்டகைப் பக்கத்து மூலை. 30. வரதன்தான் மண்டியிட்டு மேடைக்கும் பள்ளத்துச் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைப் பார்த்தார். காலையிலிருந்து உடைத்த சிதறுதேங்காய் ஓடுகள் அதற்குள் போய், ஆப்பு அடித்த மாதிரி சிக்கியிருந்தன. மேடை அந்தப் பக்கம் இறங்கவே இல்லை. கடப்பாரையால் எல்லாவற்றையும் கிளறி எடுத்தோம். கல்லை வைத்தோம், 80. லாரியை ஏற்றினோம், ஏற்றிய இடத்துச் சீட்டும் எங்கள் சீட்டும் ஒன்றாக இருந்தன. சூப்பர்வைசர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஷூவைக் கழற்றினார்.

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பு மூட்டுவதற்காக வெங்கடேசிடம், உங்களால் அம்மன் இப்படித் துண்டோடு வெளியே வரவேண்டியதாகிவிட்டதே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நகை ஒண்ணும் போட்டுக்காம அப்படியே எழுந்து வந்துட்டாங்க அக்கா. பிள்ளைய போலீஸ் புடிக்குதுன்னு கேட்ட தாய் மாதிரி."

லீவு

நைனா மறுவாரமே இரும்பு எடைக்கற்கள் வாங்கிப் போட்டார். தேங்காய் உடைக்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் ஒதுக்கினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் ஒரு தடவை செய்தது எங்கள் பக்கத்தில் வழக்கம், இரண்டு தடவை செய்தால் ஐதீகம். அடுத்த வருடம் அதே ஆடி வெள்ளிக்கு மேளம், மாலை, நோட்டீஸ் எல்லாவற்றோடும் 'துலாப் புறப்பாடு' வந்துவிட்டது. இந்த முறை கழுவவில்லை, முழு அலங்காரத்தோடு தூக்கி வைத்தார்கள். 90 காட்டியது. அம்மன் வளர்கிறாள் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அது மேலே பூசின சந்தனமும் புடவையும் என்று வரதன் என் காதில் சொன்னார், மைக்கில் சொல்லவில்லை. அந்த எடைச் சீட்டை நகல் எடுத்து, லேமினேட் செய்து, பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். லாரிக்காரர்கள் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வருடம் அதே வெள்ளிக்கிழமை என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பெரியம்மா என்கிற முறையில் நான்தான் முன்னால் நிற்கவேண்டியவள். ஒரு மாதத்துக்கு முன்பே நைனாவிடம் சொல்லிவைத்தேன், அவர் ஏழுமலையைக் கேட்கச் சொன்னார். ஏழுமலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், அவரா எனக்குச் சம்பளம் தருகிறார்? இருந்தாலும் போய்க் கேட்டேன். அவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா பேஜாரு பண்றே! நீ லீவு போட்டா சாமிக்கு யாரு பில்லு போடறது?"

சாமிக்குப் பக்கத்து ஜன்னலில் வேலை பார்ப்பதில் உள்ள ஒரே சங்கடம், அங்கே எல்லா நாளும் விசேஷம் என்பதால் ஒரு நாளும் லீவு கிடையாது.